விவசாயிகளும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள்!

உலகின் முதல் வெப் சர்வருக்கு இருந்த பலத்த பாதுகாப்பு ஏற்பாடு என்ன தெரியுமா? ஒரு ஸ்டிக்கர். 1990-ல், ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ தன்னுடைய கம்ப்யூட்டரில் வேர்ல்டு வைட் வெப் என்ற சமாசாரத்தை ஓடவிட்டார். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படும் நல்லவர் யாராவது போகிற போக்கில் ஸ்விட்சைத் தட்டினால் மொத்த வெப்பும் காலி. ஆகவே சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்: 'இந்த மெஷின் ஒரு சர்வர். இதை அணைக்காதீர்கள்!!' இன்றைக்கு டிசாஸ்டர் ரெக்கவரி என்று சொல்லிக் கோடிக்கணக்கில் பில் போடுகிறார்களே, அதற்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அந்த இரண்டு ஆச்சரியக்குறிகள்தான்.

சரி, அந்த மெஷினாவது ராஜபரம்பரையா? அதுவும் இல்லை. ஆப்பிளைவிட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ரோஷத்தோடு செய்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டர் அது. கன்னங்கரேலென்று ஒரு மக்னீசியப் பெட்டி. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரு மில்லிமீட்டர் பிசகாத கனசதுரமாக இருந்தே தீரவேண்டும் என்று ஜாப்ஸ் அடம்பிடித்தார். கல்லூரிகளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு 6,500 டாலர் விலை வைத்தார். உள்ளே இருந்தது 25 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா 68030. அன்றைய மேக்கின்டாஷிலும் அதே குடும்பத்துச் சிப்தான். 'ஹோஸ்டிங்குக்கு டெஸ்க்டாப் ப்ராசஸரா? சேச்சே!' என்று இன்றைக்கு மூக்கைச் சுளிக்கிறவர்கள் எல்லாம், சொந்தத் தாத்தாவைப் பார்த்துத்தான் சுளிக்கிறார்கள்.

இப்போது விலைப்பட்டியலைப் பாருங்கள். 2022-ல் ஏஎம்டி கம்பெனி இரண்டு சிப்களை இறக்கியது. ஒன்று, வீட்டு மேஜைக்கான ரைசன் 9 7950எக்ஸ்: 16 கோர், 699 டாலர். இன்னொன்று, சர்வருக்கென்றே அவதரித்த எபிக் 9654: 96 கோர், 11,805 டாலர். அப்படியானால் எபிக் வேகத்தில் பிய்த்து உதறும் என்றுதானே நினைப்பீர்கள்? ரைசனின் உச்ச வேகம் 5.7 கிகாஹெர்ட்ஸ். எபிக்கின் உச்ச வேகம் 3.7. கிட்டத்தட்ட பதினேழு மடங்கு பணம் கொடுத்து நிதானத்தை வாங்குகிறார்கள்!

சிரிக்காதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஒரே ஒரு வேலையைச் சட்டென்று முடிக்க ரைசன் போதும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால் எபிக் வேண்டும். மெமரிக்குப் போகிற பாதை ரைசனில் இரண்டு, எபிக்கில் பன்னிரண்டு. சர்வர் போர்டில் தனியாக ஒரு குட்டிக் கண்காணிப்பு சிப்பும் உண்டு. நடுராத்திரியில் மெஷின் தொங்கிவிட்டால், வீட்டில் படுத்தபடியே அதை ரீஸ்டார்ட் செய்ய விடும். இதையெல்லாம்விட முக்கியமான சரக்கு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஈசிசி. பெரிய மனிதர்கள் பலர் அதை மதிக்காமல்தான் மூக்குடைபட்டார்கள்.

கம்ப்யூட்டரின் மெமரியில் எல்லாமே பூஜ்யமும் ஒன்றும்தான் என்று உங்களுக்குத் தெரியும். சில சமயம் பூஜ்யம் தானாக ஒன்றாகிவிடும். சிப் பழுதாக இருக்கலாம், விண்வெளிக் கதிர் மோதியிருக்கலாம். ஈசிசி மெமரியில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால் திருத்திவிடும். இரண்டு புரண்டால், திருத்த முடியாவிட்டாலும் ஊரைக் கூட்டிச் சொல்லிவிடும். காவல் இல்லாத மெமரியில்? எதுவுமே நடக்காதது போல உங்கள் பேங்க் பேலன்ஸ் மாறிவிடும். ஏறினால் புகார் வராது, அவ்வளவுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் பெல்ஜியத்துக்கு வாருங்கள். 2003 மே மாதம், ப்ரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக்கில் மின்னணு வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்குக் கட்சிக்குக் கிடைத்ததைவிட அதிக ஓட்டு விழுந்திருந்தது. நம்மூர் ஆளாக இருந்தால் உடனே தனிக்கட்சி தொடங்கியிருப்பார். அவர்கள் மறுபடி எண்ணிப் பார்த்தார்கள். உபரி சரியாக 4,096 ஓட்டு. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படியில் வருகிற எண். அதாவது மெமரியில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. வேறு காரணம் எதுவும் அகப்படாததால் சந்தேகம் விண்வெளிக் கதிர் மேல் விழுந்தது. கள்ள ஓட்டுப் போட நட்சத்திர மண்டலத்திலிருந்தே ஆள் வந்த ஒரே தேர்தல் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த ஆபத்தைத் துச்சமாக மதித்தவர்களில் மகாமேதை ஒருவர் உண்டு. செமோர் க்ரே. சூப்பர் கம்ப்யூட்டர்களின் பிதாமகர். 1960-களில் இவர் செய்த சிடிசி 6600 அன்றைய உலகின் அதிவேகக் கம்ப்யூட்டர். அதைச் செய்தவர்கள் துப்புரவாளர் உட்பட மொத்தம் 34 பேர்தான் என்று கேள்விப்பட்டு, ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் வயிறெரிந்து தன் ஆட்களுக்கு மெமோ எழுதினார். க்ரேயோ வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார். டிசைனில் சிக்கல் வந்தால் சுரங்கத்துக்குப் போவாராம். அவர் தோண்டும்போது குட்டிச்சாத்தான்கள் வந்து தீர்வு சொல்லுமாம். கன்சல்டன்சி ஃபீஸ் கிடையாது என்பதைக் கவனிக்கவும்.

6600-ல் க்ரே ஒரு வேலை செய்தார். ஈசிசிக்கு அண்ணன் முறையான பேரிட்டி என்ற சோதனை உண்டு. பிழையைத் திருத்தாது, 'ஐயோ, தப்பு!' என்று கத்த மட்டும் தெரியும். அதைக்கூட வைக்காமல் விட்டுவிட்டார். வேகம்தானே முக்கியம்! ஏன் ஐயா என்று கேட்டதற்கு, 'பேரிட்டியெல்லாம் விவசாயிகளுக்கு' என்று பதில் சொன்னாராம். அமெரிக்காவில் விவசாயிகளுக்குத் தரும் விலை ஆதரவுக்கும் பேரிட்டி என்றே பெயர். அடுத்து வந்த சிடிசி 7600-ல் மரியாதையாகப் பேரிட்டி இருந்தது. ஊர் வம்பர்கள் விடுவார்களா? 'ஓஹோ, நிறைய விவசாயிகளும் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள் போலிருக்கிறதே!'

பாடம் படித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். அரைப் பாடம்தான் படித்தார். 1976-ல் தன் சொந்தக் கம்பெனியின் முதல் க்ரே-1 மெஷினை லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளோட்டம் பார்க்க அனுப்பினார். கத்துகிற பேரிட்டி இருந்தது, திருத்துகிற சங்கதி இல்லை. ஆறு மாதத்தில் 152 முறை கத்தியது. லாஸ் அலமோஸ் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரான் சாரல் அதிகம். அணுகுண்டு பிறந்த ஊரில், நியூட்ரான்களைப் பற்றி உலகத்துக்கே வகுப்பெடுத்த மேதைகளுக்கு நடுவில், ஒரு கம்ப்யூட்டர் நியூட்ரானிடம் அடிவாங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வந்த க்ரே மெஷின்களில் பிழைதிருத்தம் வந்து உட்கார்ந்தது. கடைசியில் க்ரேயும் விவசாயியானார்.

க்ரே ரிசர்ச் கம்பெனி பிறகு இன்னொரு வேடிக்கைக்கும் காரணமானது. 1996-ல் அதை சிலிக்கான் கிராஃபிக்ஸ் வாங்கியது. வாங்கிய கையோடு, 'இந்த ஸ்பார்க் சிப் சமாசாரம் நமக்கு எதற்கு' என்று ஒரு பிரிவை மட்டும் சன் மைக்ரோசிஸ்டம்ஸுக்குத் தள்ளிவிட்டது. சன் அதை 1997-ல் எண்டர்பிரைஸ் 10000 என்று பெயர்சூட்டிக் களமிறக்கியது. அலமாரி அளவு உடம்பு, 64 ப்ராசஸர் வரை போடலாம், முழுசாக அடுக்கினால் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டும். டாட்காம் ஜுரம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. வாங்கினால் சன்தான் வாங்குவேன் என்று வெப்சைட்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பிரிவைத் தள்ளிவிட்டவர்கள் எந்தச் சுவரில் முட்டிக்கொண்டார்கள் என்பது வரலாற்றில் பதிவாகவில்லை.

சன்னின் விளம்பரத்தைக் கேளுங்கள்: டாட்காமில் வருகிற அந்த 'டாட்' நாங்கள்தான்! எப்பேர்ப்பட்ட தன்னடக்கம்! 1999 ஜூனில் அந்த டாட்டுக்கு ஒரு சோதனை வந்தது. சன் சர்வர்களை நம்பி ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஈபே, ஒரு நாள் சுமார் 22 மணி நேரம் படுத்துவிட்டது. பஞ்சடைத்த பீனி பேபி பொம்மைகளை ஏலத்தில் எடுக்க அமெரிக்காவே கொலைவெறியோடு காத்திருந்த காலம். ஈபேயின் பங்கு விலை சரிந்தது. விற்பனையாளர்களுக்குச் சில மில்லியன் டாலர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மில்லியன் டாலர் சர்வர் படுத்தாலும் திரையில் தெரிவது அதே வெள்ளைப் பக்கம்தான் என்ற ஞானம் அன்றைக்குப் பிறந்தது.

இதைவிடப் பெரிய கூத்து பின்னால் வந்தது. சன்னின் அல்ட்ராஸ்பார்க் 2 ப்ராசஸருக்கு வெளியே ஒரு கேஷ் மெமரி உண்டு. அதில் பிழைதிருத்தம் கிடையாது, வெறும் பேரிட்டி மட்டும். (ஆமாம், மறுபடியும் அதே விவசாயம்!) பிட் புரண்டால் சர்வர் பதறிப்போய்த் தன்னைத் தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். காரணங்களில் ஒன்றாக விண்வெளிக் கதிரைக் கைகாட்டினார்கள். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களிடம் 'வெளியில் சொல்லமாட்டோம்' என்று கையெழுத்து வாங்கினார்கள் என்பதை 2000 நவம்பரில் ஃபோர்ப்ஸ் பத்திரிகை போட்டு உடைத்தது. சர்வர் தரம், சர்வர் தரம் என்று பணம் கட்டியவர்களுக்கு மெமரியில் கிடைக்காத காவல், கடைசியில் வக்கீல் பத்திரத்தில் கிடைத்தது.

2010-ல் ஆரக்கிள் சன்னை விழுங்கியது. மென்லோ பார்க்கில் சன் வளாகம் இருந்த இடத்துக்கு அடுத்த வருடம் ஃபேஸ்புக் குடிவந்தது. வாசலில் இருந்த சன் போர்டை ஃபேஸ்புக் தூக்கிப் போடவில்லை. திருப்பி வைத்து, முன்பக்கம் லைக் பொத்தானை வரைந்துகொண்டது. பின்பக்கம் சன் லோகோவை அப்படியே விட்டுவைத்தது. மிதப்பில் இருந்தால் இதுதான் கதி என்று ஊழியர்களுக்கு நினைவூட்டவாம். டாட்காமின் டாட், கடைசியில் இன்னொருவர் போர்டுக்கு முதுகாக நின்றது.

இப்போது எதிர்முனைக்குப் போவோம். லேரி பேஜ், செர்கே ப்ரின் என்று இரண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள். ஹார்ட் டிஸ்க் வைக்கப் பெட்டி வேண்டும், காசு இல்லை. லீகோ மாதிரி பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, அதற்குள் பத்து டிஸ்க்குகளைச் செருகினார்கள். இன்றைய கூகுள் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரம் குழந்தைகள் விளையாடுகிற கட்டை. கம்பெனி லோகோவின் வண்ணங்களைப் பார்க்கும்போது அந்தக் கட்டைகள் ஞாபகம் வந்தால் யாரும் ஆச்சரியப்படத் தேவையில்லை.

1999-ல் காசு கொஞ்சம் வந்தது, கஞ்சத்தனம் போகவில்லை. டேட்டா சென்டரில் இடத்துக்குச் சதுர அடிக் கணக்கில்தான் வாடகை. கரண்ட் எவ்வளவு இழுத்தாலும் கவலை இல்லை. வாடகை வீட்டில் ஒரே ரூமில் பதினாறு பேச்சலர்கள் தங்குவது போல யோசித்தார்கள். கடையில் கிடைக்கிற சாதா மதர்போர்டுகளை வாங்கி, கேபினெட் எல்லாம் வெட்டிச் செலவு என்று கழித்துக்கட்டி, ஒரு தட்டுக்கு நான்கு போர்டு வீதம் அப்படியே பரப்பினார்கள். போர்டு தகரத்தில் பட்டு ஷார்ட் ஆகக்கூடாதே? அடியில் கார்க் தாள் விரித்தார்கள். ஆமாம், ஒயின் பாட்டிலை மூடுவார்களே, அதே கார்க். அந்த கார்க் ரேக் ஒன்று இப்போது மவுண்டன் வியூ கம்ப்யூட்டர் வரலாற்று மியூசியத்தில் கண்காட்சிப் பொருள். ஃபயர் ஆபீசர் அன்றைக்கே பார்த்திருந்தால் அது சாட்சிப் பொருளாகியிருக்கும்.

இந்தக் கஞ்சத்தனத்துக்குக் கணக்கும் காட்டினார்கள். 2003-ல் கூகுளின் லூயிஸ் பரோஸோ, ஜெஃப் டீன், உர்ஸ் ஹோல்ஸ்லே மூவரும் எழுதிய கட்டுரையில் ஒரு ஒப்பீடு வருகிறது. 88 சின்ன மெஷின்கள் அடுக்கிய ஒரு ரேக்: 176 ப்ராசஸர், 176 ஜிபி ரேம், 2,78,000 டாலர். பிரம்மாண்ட சர்வர் ஒன்று: 8 ப்ராசஸர், 64 ஜிபி ரேம், 7,58,000 டாலர். இரண்டிலும் ஓடுவது 2 கிகாஹெர்ட்ஸ் ஜியான்தான்! பெரிய பெட்டியில் போனதும் சிப்புக்குக் கொம்பு முளைத்துவிடுகிறது. சின்ன மெஷின் செத்தால்? சாகட்டும், அதே டேட்டா வேறு மெஷின்களிலும் இருக்கிறது, சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். அப்போது கூகுளிடம் 15,000-க்கும் மேற்பட்ட மெஷின்கள். தினமும் துக்கம் விசாரித்தால் தேடலை யார் நடத்துவது?

ஆனால் ஒன்றை மறந்திருந்தார்கள். செத்துப்போகிற மெஷினைச் சமாளிக்கலாம். உயிரோடு இருந்துகொண்டு பொய் சொல்கிற மெஷினை? 2000 மார்ச்சில் கூகுளுக்கு அந்தக் கண்டம் வந்தது. வெப் பக்கங்களை வரிசைப்படுத்தும் வேலை பாதியில் பாதியில் நின்றது. இண்டெக்ஸ் ஐந்து மாதப் பழசு. யாஹூவோடு மாபெரும் ஒப்பந்தம் கைகூடவேண்டிய நேரம். கூகுளில் தேடினால் போன சீசன் செய்தி வருகிறது. ஊசிப்போன பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்ற நிலைமை.

ஜெஃப் டீனும் அவருடைய சகா சஞ்சய் கெமாவத்தும் உட்கார்ந்து, கோடு கோடாகப் பார்த்துச் சலித்து, கடைசியில் பச்சைப் பூஜ்யங்களையும் ஒன்றுகளையுமே படித்தார்கள். பிட்கள் புரண்டிருந்தன! மலிவாக வாங்கிய மெமரியில் பிழை காட்டிக்கொடுக்க ஆளில்லை. அகர வரிசையில் அடுக்கு என்று மெஷினிடம் கொடுத்தால், தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டு நல்ல பிள்ளையாகச் சிரித்திருக்கிறது. பிட் புரண்டாலும் தாங்குகிற மாதிரி சாஃப்ட்வேரைத் திருத்தினார்கள். கம்பெனி பிழைத்தது, ஜூனில் யாஹூ ஒப்பந்தமும் வந்தது. மெமரியில் மிச்சம் பிடித்த டாலர்களை, உலகின் ஆகச் சிறந்த இரண்டு மூளைகளின் தூக்கத்தில் செலவழித்தார்கள்.

பிறகு கூகுளும் ஈசிசி வாங்கியது. வாங்கியதோடு நிற்காமல், 2009-ல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் பியான்கா ஷ்ரோடரோடு சேர்ந்து தன் மெஷின்களில் எத்தனை பிழை வருகிறது என்று எண்ணியது. வருடத்துக்கு 8 சதவீதத்துக்கும் அதிகமான மெமரிக் குச்சிகளில் பிழை. எல்லோரும் நினைத்திருந்ததைவிட மிக அதிகம். இதில் ஓர் அழகான விஷயம் உண்டு. ஈசிசி இருந்தால்தான் பிழையை எண்ணவே முடியும். அது இல்லாதவர்களிடம் கேட்டுப் பாருங்கள், 'எங்க மெஷின்ல இதுவரைக்கும் ஒரு பிழைகூட வந்ததில்ல சார்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் யாருக்கும் ஜுரம் வராது.

கூகுளைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட பூனைகளும் உண்டு. 2003-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம், 1,100 ஆப்பிள் பவர் மேக் ஜி5 டெஸ்க்டாப்களை வாங்கிக் கோத்தது. செலவு சுமார் 52 லட்சம் டாலர். மாட்டிக்கொடுக்க வந்த மாணவர்களுக்குக் கூலி பீட்சா. உலகத்து சூப்பர் கம்ப்யூட்டர்களில் மூன்றாவது இடம்! ஊரே மூக்கில் விரல் வைத்தது. ஒரே ஒரு குறை, பவர் மேக்கில் ஈசிசி கிடையாது. வரும் விடை சரியா என்று நம்பமுடியாது. மறு வருடமே அத்தனையையும் கழற்றிவிட்டு, ஈசிசி உள்ள எக்ஸ்சர்வ் மெஷின்களை மாட்டினார்கள். அதுவரைக்கும் உலகிலேயே மூன்றாவது வேகத்தில் சந்தேகங்களை உற்பத்தி செய்தார்கள்.

இத்தனை பாடுபடுத்தும் இந்த ஈசிசி என்ன கொம்புச் சரக்கா, எல்லாச் சிப்பிலும் வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். லினக்ஸ் தந்த லினஸ் டொர்வால்ட்ஸும் அதையே கேட்டு, 2021-ல் இன்டெலைத் திட்டித் தீர்த்தார். இன்டெலின் அன்றைய கணக்கு வேறு. ஈசிசி வேண்டுமா, ஜியான் வாங்கு. கோர் ஐ7 வாங்குகிற பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எதற்கு அதெல்லாம்? இதில் உச்சகட்டக் காமெடி, சில தலைமுறைகளில் மலிவான கோர் ஐ3-க்கு ஈசிசி இருந்தது, விலை உயர்ந்த ஐ7-க்கு இல்லை. குட்டி சர்வர்களுக்கு அந்தச் சின்னச் சிப் தேவைப்பட்டதால் வந்த வினை. ஏழைக்குக் காவல், பணக்காரனுக்குக் கடவுள் துணை என்று ஒரு கம்பெனி சோஷலிசம் பேசியது அப்போது மட்டும்தான்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? வேலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆடு தாண்டும். 1998-ல் இன்டெல் சர்வருக்கு ஜியான், ஏழைக்கு செலெரான் என்று பிரித்தது. அடுத்த வருடமே ஏபிட் என்ற தைவான் கம்பெனி, பிபி6 என்ற போர்டில் இரண்டு செலெரான்களை ஜோடியாக உட்காரவைத்தது. இரட்டை ப்ராசஸர் யோகம் செலெரானுக்குக் கிடையாது என்று இன்டெல் நினைத்திருந்த நேரம். 300 மெகாஹெர்ட்ஸ் செலெரானை 450-க்கு விரட்டி, வீட்டு மூலையில் சர்வர் நடத்தினார்கள் பையன்கள். 2011-ல் இன்னும் வேடிக்கை. கோர் ஐ7 2600 விலை 294 டாலர். கிட்டத்தட்ட அதே சரக்கு, கிராஃபிக்ஸ் மட்டும் இல்லாமல், ஜியான் இ3 1230 என்ற சர்வர் வேஷத்தில் 215 டாலர். சர்வர்காரர்கள் டெஸ்க்டாப் சிப்பைத் தேட, கேம் விளையாடுகிற பையன்கள் சர்வர் சிப்பைத் தேடினார்கள். 2015-ல் இன்டெல் விழித்துக்கொண்டு, இனி ஜியானுக்குத் தனி போர்டுதான் என்று கதவைச் சாத்தியது.

என்விடியா இன்னும் ஒரு படி மேலே போனது. சாத்துவதற்குக் கதவு இல்லாததால் காகிதத்தில் எழுதியது. 2017 டிசம்பரில் லைசன்ஸில் ஒரு வரி: ஜிஃபோர்ஸ் கேம் கார்டின் சாஃப்ட்வேரை டேட்டா சென்டரில் பயன்படுத்தக்கூடாது. கேம் கார்டு கேம் விளையாடத்தான், ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் எங்களுடைய விலை உயர்ந்த டெஸ்லா கார்டை வாங்கு. ஒரே ஒரு விதிவிலக்கு, பிளாக்செயின் வேலைக்கு ஓடவிடலாமாம். அதாவது புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கக்கூடாது, பிட்காயின் தோண்டலாம்.

சர்வர், டெஸ்க்டாப் என்ற இந்த வேலியை ஐரோப்பாவில் ஒரு ஹோஸ்டிங் கம்பெனி கண்டுகொள்ளவே இல்லை. ஜெர்மனியில் மார்ட்டின் ஹெட்ஸ்னர் 1997-ல் தொடங்கிய ஹெட்ஸ்னர். கோர் ஐ7 டெஸ்க்டாப் சிப்களை ஹால் ஹாலாக அடுக்கி, ஒரு முழு மெஷினையே மாதம் 50 யூரோவுக்குள் வாடகைக்கு விட்டார்கள். ஈசிசி வேண்டுமா, கூடுதலாகக் கொடுத்து வேறு மாடல் எடுத்துக்கொள். நேர்மையான வியாபாரம். மெஷின் செத்தால் வேறு மாற்றித் தருவோம், உன் டேட்டாவுக்கு நீதான் பேக்கப். அதுவரை பேக்கப் என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிராத பலர், சாகும் நாளில்தான் அந்த ஒப்பந்தத்தை முதல்முறையாகப் படித்தார்கள்.

டெஸ்க்டாப் சிப்புக்கு ஏற்ற ராஜ்யமும் ஒன்று உண்டு: கேம் சர்வர். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு நொடியில் 20 முறை உலகத்தைக் கணக்குப் போட்டு நகர்த்தும். ஒவ்வொரு முறைக்கும் 50 மில்லிசெகண்ட் அவகாசம். முக்கால்வாசி வேலையை ஒரே கோர்தான் இழுக்கவேண்டும். 96 கோர் எபிக்கில் ஒரு கோர் வியர்த்துக்கொட்ட, மிச்சம் 95 கோர் வேடிக்கை பார்க்கும். நம்மூர் ரோடு வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே புரியும்.

ஆகவே கேம் ஹோஸ்டிங்காரர்கள் வேகமான இன்டெல் கோர் ஐ9 சிப்களின் பின்னால் ஓடினார்கள். 14900கே சிப்பின் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸ். பையன்கள் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓட்டுவதை இவர்கள் இராப்பகலாக ஓட்டினார்கள். 13-ம், 14-ம் தலைமுறைச் சிப்கள் விசித்திரமாகச் செயலிழக்க ஆரம்பித்தன. அல்டெரான் கேம்ஸ் என்ற நிறுவனம் எங்கள் சர்வர்களையெல்லாம் ஏஎம்டிக்கு மாற்றுகிறோம் என்று 2024 ஜூலையில் பகிரங்கமாக அறிவித்தது. சிப் தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொள்கிறது என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியில் இரண்டு வருடம் சேர்த்துக் கொடுத்தது. சர்வர் சிப்கள் ஏன் 3.7 கிகாஹெர்ட்ஸில் நிதானமாக நடக்கின்றன என்ற கேள்விக்கு, பதில் தீய்ந்த வாசனையோடு வந்தது.

அப்படியானால் யார் ஜெயித்தது? 2024 மே மாதம் ஏஎம்டி கொடுத்த தீர்ப்பைப் பாருங்கள். எபிக் 4004 என்று ஒரு புதிய சர்வர் வரிசை. அதில் ஒருவன் எபிக் 4564பி. 16 கோர். 5.7 கிகாஹெர்ட்ஸ். 699 டாலர். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ரைசன் 7950எக்ஸ்தான்! அதே சாக்கெட், அதே கோர்கள், அறிமுக விலைகூட அதே. நெற்றியில் எபிக் என்ற நாமம். கூடவே, ஈசிசியும் சர்வர் சாஃப்ட்வேரும் இதில் ஒழுங்காக ஓடும், சோதித்துப் பார்த்தோம், கேள்வி கேட்டால் பதில் சொல்வோம் என்ற கம்பெனியின் வாக்கு. ராஜாவும் கூலிக்காரனும் ஒரே ஆள், டபுள் ஆக்ட்!

அந்த வாக்குக்குத்தான் இத்தனை வருடமும் ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாக விலை கொடுத்தார்கள். பிட் எங்கேயும் புரளும், கார்க் மேலும் புரளும், மில்லியன் டாலர் அலமாரியிலும் புரளும். யாராவது ஒருவர் பிடித்தாகவேண்டும். கூகுள் சாஃப்ட்வேரை வைத்துப் பிடித்தது. சன் கையெழுத்து வாங்கிப் பிடித்தது. வர்ஜீனியா டெக் எல்லாவற்றையும் மறுபடி வாங்கிப் பிடித்தது. சிப்பில் மிச்சம் பிடிப்பது தப்பே இல்லை, மிச்சம் பிடித்த காசு வேறு எந்த வழியாக வெளியே போகும் என்று தெரிந்திருந்தால் போதும்.

எனவே நீங்கள் சர்வர் வாடகைக்கு எடுக்கப் போனால், ஜியானா ரைசனா என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மெமரியில் ஒரு பிட் புரண்டால் யாருக்குத் தெரியும், யார் எழுந்திருப்பார் என்று கேளுங்கள். 'ஈசிசி பார்த்துக்கொள்ளும்' என்றால் சர்வர் விலை கொடுக்கலாம். 'நீங்கதான் பார்த்துக்கணும் சார்' என்றால் டெஸ்க்டாப் விலை கொடுத்து, பேக்கப் எடுத்துக்கொள்ளலாம். 'அதெல்லாம் நம்மகிட்ட புரளவே புரளாது சார்!' என்று ஒருவர் சொல்கிறாரா? பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அவரிடம் எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.